மந்தார வானமும் மலை ஒளிப்படமும்

தமிழாராய்ச்சியில் ஒளிப்படம் சான்றாக வழங்கத் தொடங்கி நெடுநாளாயிற்று. கல்வெட்டும் கோயிலும் சிற்பமும் நடுகல்லும் ஆராய்வோர் படத்தைத் துணைக்கொள்ளுங்கால், அது எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை ஓரளவு அறிந்தே கொள்கின்றனர். நிலத்தை ஆராய்வோரிடத்து இவ்விழிப்பு அருகியே காணப்படுகிறது. குறிஞ்சித் திணையை விளக்கும் நூல்களிலும் பாடப் புத்தகங்களிலும் யாம் கண்ட மலைப் படங்கள் பெரும்பாலும் தெளிந்த வெயிலில் எடுக்கப்பெற்றவை. பழைய தொகுதிகளினின்று எடுத்தாளப்பெறும் படங்களிலோ மலைக்குமேல் வானம் வெள்ளைத் தாள்போல வெறுமையாய்க் கிடக்கிறது. மலையின் உண்மைத் தோற்றம் இதுவே என மாணாக்கர் கொள்வது இயல்பு. ஆனால் அவ்வெறுமை மலையின் இயல்பன்று. படம் எடுத்த தகட்டின் இயல்பு. இதனை நிறுவுவதும், மந்தாரமான வானிலையில் எடுக்கப்பெறும் மலைப் படத்திற்கு ஆராய்ச்சியில் உரிய இடம் யாது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் பருவமும்

ஈண்டு யாம் எடுத்துக்கொள்ளும் இடம் திருவண்ணாமலை. இப்பெயர் கேட்டவுடன் அருணையே நினைவிற்கு வரும். யாம் கூறுவது அதுவன்று. விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் என இன்று எழுதப்பெறும் திருவில்லிபுத்தூருக்கு அண்மையில் உள்ள சிற்றூரும் அதனைச் சார்ந்த குன்றுமே ஈண்டுக் குறிக்கப்பெறுவன. குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருத்தலின் மக்கள் இதனைத் தென்திருப்பதி என்றும் வழங்குவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இங்கே பெருங்கூட்டம் கூடும்.

குன்று சிறியது. ஆயினும் அதனினின்று மேற்கே நோக்குவார்க்கு மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல எழுந்து நிற்கும். வடக்கே வத்திராயிருப்பை அடுத்த சதுரகிரியும், நேர் மேற்கே செண்பகத்தோப்பும், தென்மேற்கே இராசபாளையத்தை அடுத்த அய்யனார் அருவிப் பகுதியும் இத்தொடரின் பகுதிகளாம். மலைக்கும் ஊருக்கும் இடையே கண்மாய்களும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் பரந்துள்ளன. இம்மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. மேகமலை என்னும் பெயரே இத்தொடரின் இயல்பை உணர்த்தப் போதுமானது.

இங்குள்ள பருவநிலை தனித்தன்மை உடையது. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று சேரநாட்டுப் பக்கத்தில் பெருமழை பொழிந்துவிட்டு, எஞ்சிய முகிலை மலைமுகட்டின்மேல் ஏற்றிவிடுகிறது. மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் காற்று வெம்மையுற்று உலர்தலின் அம்முகில் சமவெளிக்கு வாராது கரைந்துபோகும். ஆதலின் ஆடி மாதத்தில் இவ்வூர்களில் மழை அரிது, காற்று மிகுதி, மலைமுகட்டிலோ முகில் நாள்தோறும் கிடக்கும். ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கு வருவோர் மேற்கே நோக்கின் காண்பது பெரும்பாலும் மலையின் அடிப்பாதியையே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால்தான் சமவெளிக்கும் நல்ல மழை கிடைக்கிறது. அப்பொழுது முகில் கிழக்கினின்று வந்து மலையில் முட்டி நிற்கும். இவ்வாறு ஆண்டிற் பல திங்கள், ஏதேனும் ஒரு பக்கத்து முகில் இம்மலையை மறைத்தவண்ணம் உள்ளது. மந்தாரம் இம்மலைக்கு விலக்கன்று, வழக்கே ஆம்.

இலக்கியம் கண்ட மலை

தமிழ்ச் சான்றோர் மலையை எவ்வானிலையில் கண்டனர் என்பதை அடுத்து நோக்குவோம். தொல்காப்பியர் குறிஞ்சிக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும், சிறுபொழுதாக யாமத்தையும் வகுத்தனர். கூதிராவது ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனியாவது மார்கழியும் தையும். எனவே மலைக்குரிய காலம் மழையும் குளிரும் பனியும் இருளும் கூடிய காலம் என்பது தமிழ் இலக்கணத்தின் துணிபு. வெயில் காயும் பகற்பொழுது மலைக்கு உரியதாக வகுக்கப்பெறவில்லை. நண்பகலும் வேனிலும் பாலைக்கே உரியவாயின. இன்று குறிஞ்சிக்கு எனக் காட்டப்பெறும் வெயிற்படங்கள் பல, காலத்தால் பாலைக்கு உரியவை என்று கூறினும் பொருந்தும்.

மலைக்கும் முகிலுக்கும் உள்ள உறவு சொல்லாட்சியிலும் விளங்குகிறது. மஞ்சு, முகில், கொண்டல், எழிலி, கார் எனச் சொற்கள் பல. மழை என்னும் சொல்லே பழைய வழக்கில் முகிலையும் குறித்தது. மலையை அடைந்து தவழும் நிலையில் அதனை மஞ்சு என்றல் பெருவழக்கு. ஒரு பொருளுக்குச் சொற்கள் பலவாக அமைவது, அப்பொருளைக் கூர்ந்து நோக்கிய கண்கள் பல இருந்தமைக்குச் சான்று.

குறுந்தொகையின் 240-ஆம் பாட்டு இவ்விடத்தில் பெரிதும் கருதத்தக்கது. கொல்லன் அழிசி பாடியது அது. பனியும் வாடையும் உற்ற காலத்தில், பிரிந்திருக்கும் தலைவி தலைவனுடைய குன்றை நோக்கியிருக்கின்றாள். மாலைப்பொழுதில் அக்குன்று, கடலில் மூழ்கும் கலம்போலத் தோன்றிச் சிறிது சிறிதாகக் கண்ணினின்று மறைகிறது. புலவர் பாடுவது குன்றின் வடிவத்தையன்று. அது மறைந்துபோகும் நிகழ்ச்சியை. தலைவிக்குத் துயர் தருவது குன்றன்று. அக்குன்று காணாமற்போகும் அச்சிறுபொழுது. தெளிந்த வானில் எடுத்த நூறு மலைப் படங்கள் இப்பாட்டை விளக்க மாட்டா என்பது வெளிப்படை.

மலைபடுகடாத்தில் வேறொரு நெறி காண்கிறோம். 583 அடிகளையுடைய அப்பாட்டு முழுவதும் ஒரு மலைவழிப் பயணமே எனலாம். நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் பெருங்கௌசிகனார், மலையில் எழும் ஒலிகளை நிரல்பட எடுத்துரைக்கின்றார். அருவியும் விலங்கும் மக்களும் எழுப்பும் ஒலிகளே அம்மலையை நமக்கு அறிவிக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத மலையும் செவிக்குப் புலப்படும் என்னும் உண்மை அந்நூலின் பெயரிலேயே அமைந்துள்ளது.

திருவில்லிபுத்தூருக்கே உரிய சான்றும் உண்டு. ஆண்டாள் அருளிய திருப்பாவையின் 4-ஆம் பாசுரம் மழையைப் பொருளாகக் கொண்டது. நாச்சியார் திருமொழியின் 8-ஆம் திருமொழி, வேங்கட மலையைச் சார்ந்த முகில்களைத் தூதாக விளித்துப் பாடியது. முகில் ஈண்டு மலையை மறைக்கும் தடையாகக் கருதப்பெறவில்லை. மலையோடு பேசும் வாயாகவே கருதப்பெற்றது. மேற்கு மலையின் முகட்டில் நாள்தோறும் முகில் கிடக்கும் ஊரில் வாழ்ந்தவர் பாடிய பாடல் இது என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். இவ்வூர் வானமே அப்பாடலைத் தந்தது என்று துணிதல் மிகையாகும். ஆயினும் முகிலை மலையின் உறுப்பாகக் கண்ட மரபு இங்கு இருந்தது என்று கூறத் தடையில்லை.

தூரிகையிலிருந்து தகட்டிற்கு

ஒளிப்படக் கருவி வருமுன் இந்நாட்டு மலைகளைப் படமாக்கியோர் ஓவியர். அவருள் தாமசு தானியலும் அவர்தம் உறவினர் வில்லியம் தானியலும் 1792-இல் தென்னாட்டில் பயணம் செய்தனர். பாபநாசத்து அருவி முதலியவற்றை வரைந்தனர். அவை பின்னர் அவர்கள் இலண்டனில் வெளியிட்ட பெருந்தொகுதியில் இடம்பெற்றன. காட்சியைத் தாளின்மேல் விழச்செய்யும் இருட்பெட்டி ஒன்றனைத் துணைக்கொண்டு அவர்கள் வரைந்தபோதிலும், வானத்தைத் தீட்டுவது அவர்தம் தூரிகையே. முகில் வேண்டுமிடத்து முகில் வைத்தனர். ஒளி வேண்டுமிடத்து ஒளி வைத்தனர். ஆகவே அவ்வோவியங்களில் மலைமேல் முகில் உண்டு. ஆனால் அம்முகில் அந்நாளில் அம்மலைமேல் இருந்ததா என்பதற்கு ஓவியம் சான்றாகாது.

1839-இல் ஒளிப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. சென்னையில் 1850-இல் கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் அண்டர் முதலியோரின் முயற்சியால் அக்கலை இங்கும் வேரூன்றியது. தமிழ்நாட்டு இடங்களை முறைப்படப் படம்பிடித்தவருள் தலைசிறந்தவர் இலின்னேயசு திரைப்பு என்னும் படைத்தலைவர். 1822-இல் பிறந்து 1902-இல் மறைந்த இவர் சென்னைப் படையில் பணிபுரிந்தவர். 1855-இல் பர்மா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் படம் எடுப்பவராகச் சென்றார். பின்னர்ச் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்ந்து, 1857-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858-இலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை ஆகிய இடங்களிற் படங்கள் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றாக இணைத்தவர் இவரே. கல்வெட்டாராய்ச்சியாளர் நன்றியுடன் நினைக்கத்தக்க பணி அது.

மலைப் படத்திற்கும் இவர் பணியில் இடம் உண்டு. சேலம் மாவட்ட இராயக்கோட்டைத் தொகுதியும், மதுரைத் தொகுதியில் அமைந்த யானைமலைப் படமும் அறியத்தக்கன. மதுரையினின்று திருவில்லிபுத்தூர் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவே. ஆகவே யாம் எடுத்துக்கொண்ட நிலப்பகுதிக்கு அண்மையில் நிகழ்ந்த தொடக்ககால மலைப் படங்களுள் ஒன்றாக யானைமலைப் படத்தைக் கொள்ளலாம். ஒரே பாறையாய்த் தனித்து நிற்கும் குன்று அது. அக்காலத் தகட்டிற்கு ஏற்ற பொருளும் அதுவே. அடுக்கடுக்காய்ப் பின்சென்று முகிலில் மறையும் மலைத்தொடர் அத்தகட்டிற்கு ஏற்ற பொருளன்று. அதன் காரணத்தை இனிக் காண்போம்.

வெறுவானத்தின் காரணம்

திரைப்பு பெரிதும் கையாண்டது மெழுகிட்ட தாளில் எதிர்ப்படிவம், அதாவது நெகடிவ், எடுக்கும் முறை. அத்தாள் ஏறத்தாழ 15 அங்குலமும் 12 அங்குலமும் அளவுடையது. அதன்மேற் பூசப்பெற்ற வெள்ளி உப்பு எல்லா நிறங்களையும் ஒருதன்மையாய் ஏற்பதன்று. நீலமும் ஊதாவும் அதனை விரைந்து தாக்கும். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் மிகக் குறைவாகவே தாக்கும். இதனால் மூன்று விளைவுகள் நேர்ந்தன.

முதலாவது, நீல வானமும் வெண்முகிலும் ஒருங்கே மிகுந்த ஒளியாய்ப் பதிந்து, அச்சிட்ட படத்தில் வேறுபாடின்றி வெளுத்துப்போயின. இரண்டாவது, மரம் செறிந்த மலைச்சரிவு தன் பச்சை நிறத்தால் கருத்துப்போயிற்று. மூன்றாவது, தொலைவிலுள்ள மலை நீலமாய்த் தோன்றுதலின் அது வானத்தோடு கலந்து மறைந்தது. தொலைமலை நீலமாய்த் தோன்றுவதேன் என்பதை 1871-இல் இரேலி என்னும் அறிவியலறிஞர் விளக்கினார். காற்றிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. நமக்கும் மலைக்கும் இடையே காற்று எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நீலம் மிகும். நம் புலவர் மலையை நீலம் என்றும் மணி என்றும் கூறியதன் அடிப்படை இதுவே. அந்நீலமே பழைய தகட்டிற்குப் பகையாயிற்று என்பது எண்ணத்தக்கது.

ஒளி விழும் நேரமும் மற்றொரு தடை. மெழுகுத்தாளில் படம் பதிய நிமிடக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். மந்தாரத்தில் அந்நேரம் இன்னும் நீளும். இன்றும் படம்பிடிப்போர் வழங்கும் பழைய விதி ஒன்றுண்டு: நல்ல வெயிலில் 16 என்னும் துளையளவு போதுமெனின், கனத்த மூட்டத்தில் 5.6 வேண்டும் என்பது அது. அதாவது மூட்டத்தில் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. வெயிலில் 2 நிமிடம் வேண்டிய தாளுக்கு மூட்டத்தில் 16 நிமிடம் வேண்டும். மலைமேல் முகில் அத்துணை நேரம் ஓரிடத்தில் நில்லாது. ஆகவே முகில் சூழ்ந்த நாளில் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு மலைக்குச் செல்வது அக்காலத்தில் வீண் உழைப்பாகவே கருதப்பெற்றிருக்கும்.

வெறுவானம் அக்காலக் கலைஞர்க்கும் குறையாகவே தோன்றியது. பிரெஞ்சு நாட்டுக் குசுதாவ் இலெ கிரே 1856-ஐ ஒட்டி, கடலுக்கு ஒன்றும் வானத்திற்கு ஒன்றுமாக இரண்டு எதிர்ப்படிவங்கள் எடுத்து, அவற்றை ஒரே தாளில் அச்சிட்டார். திரைப்போ பர்மாவில் எடுத்த எதிர்ப்படிவங்கள் பலவற்றில் முகில்களைத் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். அப்படங்களில் நாம் காணும் முகில் பர்மாவின் முகிலன்று. திரைப்பின் தூரிகை முகில். கட்டடத்திற்கு அப்படம் நல்ல சான்று, வானிலைக்குச் சான்றன்று. ஒரே படத்தின் ஒரு பகுதி சான்றாகவும் மறுபகுதி புனைவாகவும் அமைதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

தகட்டின் குறை படிப்படியாகவே நீங்கியது. 1873-இல் செருமானியராகிய போகல், சாயப்பொருள் சேர்த்தால் தகடு பச்சையையும் ஏற்கும் என்று கண்டார். எல்லா நிறங்களையும் ஏற்கும் தகடு 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. மஞ்சள் வடிகண்ணாடியை வில்லைக்கு முன் பொருத்தி நீலத்தைக் குறைத்தால் முகில் தெளிவாய்ப் பதியும் என்பதும் பரவலாயிற்று. 1910-இல் அமெரிக்கராகிய ஆர். டபிள்யூ. உட், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்த நிலக்காட்சிகளை வெளியிட்டார். அவ்வொளி மென்புகை போன்ற மூட்டத்தை ஊடுருவும். ஆனால் முகிலின் நீர்த்துளி மிகப் பெரிதாகலின் அதனை ஊடுருவாது. மஞ்சினை வெல்லும் கருவி அன்றும் இல்லை. இன்று நம் கையிலுள்ள கருவியும் அதற்கு விலக்கன்று.

இவ்வரலாற்றினின்று பெறப்படுவது யாது? 1839 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எடுக்கப்பெற்ற மலைப் படங்களில் முகில் இன்மையை, அந்நாளில் முகில் இன்மையாகக் கொள்ளுதல் கூடாது. மரச்செறிவு கருமையாய்த் தோன்றுவதைக் கொண்டு அக்காலக் காட்டின் அடர்த்தியைக் கணித்தலும் கூடாது. தொலைமலை காணப்படாமையைக் கொண்டு அவ்விடத்தினின்று மலை தெரியாது என முடிவு கட்டலும் கூடாது.

முகிலுக்கே எடுத்த படங்கள்

மலைமுகிலைக் குறையென எண்ணாது, அதனையே ஆய்பொருளாகக் கொண்ட முயற்சியும் உலகில் நிகழ்ந்துள்ளது. 1896-இல் பன்னாட்டு முகிற் படத்தொகுதி முதன்முதலாக வெளிவந்து, முகில்களுக்கு ஒரே பெயர்முறையை உறுதிப்படுத்தியது. சப்பான் நாட்டில் மசனாவோ அபே என்னும் அறிஞர் 1920-களின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பூசி மலைமேல் தோன்றும் முகில்களை நிலைப்படமாகவும் ஓடும் படமாகவும் எடுத்து ஆராய்ந்தார். மலையைச் சுற்றிக் காற்று எவ்வாறு ஓடுகிறது என்பதை முகிலைக் கொண்டு அறிவது அவர் நோக்கம். மலை ஒன்றே, நாள்தோறும் முகில் வேறு. ஒரு படம் தராத அறிவை நிரலாய் எடுத்த படங்கள் தந்தன. கொல்லன் அழிசி தம் பாட்டிற் காட்டிய மறையும் குன்றையும் ஒற்றைப் படம் காட்டாது. அடுத்தடுத்து எடுத்த படநிரலே காட்டும்.

நம் நாட்டிலும் இதனோடு ஒப்பிடத்தக்க ஒன்றுண்டு. திருவில்லிபுத்தூர் மலைத்தொடருக்கு வடக்கே பழனி மலைமேல், கொடைக்கானலில் 1899-இல் நிறுவப்பெற்ற ஞாயிற்று ஆய்வுக்கூடம், 1904 முதல் ஞாயிற்றை நாள்தோறும் படம் எடுத்து வருகிறது. வானம் திறந்த நாளில் தகடு உண்டு. மூடிய நாளில் தகடு இல்லை. எனவே அந்நெடுநிரலில் காணும் இடைவெளிகளுட் பல, மலைமேல் முகில் கிடந்த நாட்களின் அடையாளமாம். எடுக்கப்பெறாத படமும் ஒருவகைச் சான்றே. சான்றின் இன்மையை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதை இவ்வெடுத்துக்காட்டு நமக்குக் கற்பிக்கிறது.

மந்தாரத்தில் மலையைப் படம்பிடித்தல்

சென்ற ஆடியில் யாம் முதுகலை மாணாக்கர் சிலருடன் திருவண்ணாமலைக் குன்றின் அடியினின்று மேற்கு நோக்கி நடந்தோம். புலிகள் காப்பகத்துள் வனத்துறையின் இசைவின்றிச் செல்லலாகாது. ஆதலின் கண்மாய்க் கரையும் தோப்பும் கடந்து, காட்டின் எல்லைக்கு இப்பாலே நின்றோம். முன்னரே பங்குனி மாதத்து வெயில் நாளொன்றில் அதே இடங்களில் நின்று படங்கள் எடுத்து வைத்திருந்தோம். இருவகைப் படங்களையும் ஒப்பிட்டபோது தோன்றிய கருத்துகளை ஈண்டுத் தருகின்றோம்.

இம்மலைத்தொடர் ஊருக்கு மேற்கே உள்ளது. ஆதலின் காலை வெயில் மலையின் முகத்தில் நேராக விழுகிறது. நேராக விழும் ஒளியில் நிழல் குறைவு. நிழல் இல்லையெனின் முன்மலை, பின்மலை என்னும் வேறுபாடும் தோன்றாது. பங்குனிக் காலைப் படங்களில் மலை முழுவதும் ஒரே சுவராகக் காட்சியளித்தது. மாலையிலோ ஞாயிறு மலைக்குப் பின்னே செல்லுதலின், மலை முழுவதும் ஒரே நிழலாயிற்று. இருபொழுதும் வெயில் இம்மலைக்குத் துணைசெய்யவில்லை.

ஆடி மந்தாரத்தில் எடுத்த படங்களில் வேறொரு மலை தோன்றியது. முகில் முகட்டினின்று இறங்கிப் பள்ளத்தாக்குகளில் புகுந்தது. ஒரு வரைக்கும் அடுத்த வரைக்கும் இடையே மஞ்சு நின்றமையால், அருகிலுள்ள வரை கருநிறமாகவும் அடுத்தது சாம்பல் நிறமாகவும் அதற்கப்பாலுள்ளது வெளுத்தும் அடுக்கடுக்காய்ப் பிரிந்து தோன்றின. சுவரென நினைத்த மலையில் பள்ளத்தாக்கு உண்டு, பிளவு உண்டு, உள்ளே செல்லும் வழி உண்டு என்பது அப்பொழுதே விளங்கியது. மறைக்கும் மஞ்சே மலையின் ஆழத்தைக் காட்டிற்று. நிழலற்ற மென்மையான ஒளியில் மரங்களின் பச்சை வேறுபாடுகளும் நன்கு புலப்பட்டன.

மந்தாரமே எல்லாவற்றிற்கும் சிறந்தது என்று கூறுவது எம் கருத்தன்று. தேய்ந்த கல்வெட்டைப் படம்பிடிக்க மந்தாரம் பயன்படாது. எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுதற்குச் சாய்ந்த வெயில் வேண்டும். அஃதின்றேல் மைப்படி எடுத்தலே தக்கது. பாறையின் அமைப்பை ஆராய்வோர்க்கும் பக்கவாட்டு வெயில் இன்றியமையாதது. ஆகவே ஒளியைப் பொதுவாக நல்லொளி, தீயொளி எனப் பகுத்தல் பொருந்தாது. ஆராயும் பொருளுக்கு ஏற்ற ஒளி, ஏலாத ஒளி எனப் பகுத்தலே முறை. குறிஞ்சியின் பெரும்பொழுதை ஆராய்வார்க்கு மந்தாரம் ஏற்ற ஒளியாம்.

மற்றொரு தடையும் எழலாம். இன்றைய மந்தாரப் படம் சங்கப் பாட்டிற்கு எவ்வாறு சான்றாகும் என்று வினவுவர். அஃது உண்மையே. பாட்டை மெய்ப்பிக்கப் படம் வேண்டா. பாட்டைப் படிக்கும் கண்ணைத் திருத்தவே படம் வேண்டும். குன்று மறைவது என்றால் யாது என்பதைக் கண்டறியாத மாணாக்கன், குறுந்தொகைப் பாட்டின் உவமையை அணி என்று மட்டும் குறித்துக்கொண்டு செல்வான். கண்டவன் அதனை நிகழ்ச்சியாக உணர்வான்.

படத்தோடு எழுத வேண்டுவன

இன்று படக்கருவி எல்லார் கையிலும் உள்ளது. கைப்பேசி கொண்டு மலையைப் படம்பிடிக்காத பயணி இல்லை. தகட்டின் பழைய குறைகள் நீங்கின. ஆயினும் புதிய இடர் ஒன்று தோன்றியுள்ளது. கைப்பேசிகள் பல, எடுத்த கணமே படத்தைத் தாமாகத் திருத்துகின்றன, மங்கியதைத் தெளிவாக்குகின்றன, மூட்டத்தைக் குறைக்கின்றன. வெறுவானத்தை நீக்கி வேறு வானத்தைப் பொருத்தும் மென்பொருள்களும் வழக்கில் வந்துள்ளன. திரைப்பு தூரிகையால் நாட்கணக்கில் செய்ததை இன்று கருவி நொடியிற் செய்துவிடுகிறது. திரைப்பின் கைவேலையை எதிர்ப்படிவம் இன்றும் காட்டிக்கொடுக்கிறது. இன்றைய திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்படிவம் நம்மிடம் இல்லை. மந்தாரமான மலையை வெயில் மலையாக்கிக் காட்டும் படம், நாளைய ஆராய்ச்சியாளனை எத்துணை வழிதவறச் செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின் நில ஆராய்ச்சிக்கெனப் படம் எடுப்போர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். நாளும் பொழுதும் நின்ற இடமும் நோக்கிய திசையும் படத்தோடு எழுதப்பெறுதல் வேண்டும். முகிலின் நிலையும் காற்றின் போக்கும் ஒரு வரியிலேனும் குறிக்கப்பெறல் வேண்டும். திருத்தப்பெறாத மூலப்படம் தனியே பாதுகாக்கப்பெறல் வேண்டும்; திருத்திய படத்தை வெளியிடின் அது திருத்தியது என்று கூறுதல் வேண்டும். ஓரிடத்தில் ஒரே படத்தோடு அமையாது, பருவந்தோறும் அவ்விடத்தே மீண்டும் நின்று எடுத்தல் வேண்டும். மலை தோன்றாத நாளில், தோன்றவில்லை என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். மலைபடுகடாத்துப் புலவர் காட்டிய வழியிற் சென்று, அங்குக் கேட்ட ஒலிகளையும் குறித்துக்கொள்ளின் பயன் மிகும்.

இவ்வாறு பத்தாண்டுகள் எடுக்கப்பெற்ற படநிரல் ஒன்று, திருவண்ணாமலைக் குன்றினின்று மேற்கு மலையை நோக்கியதாக நமக்குக் கிடைக்குமாயின், அது இலக்கிய மாணாக்கர்க்கு மட்டுமன்றி வானிலையும் காடும் ஆராய்வோர்க்கும் பயன்படும். கூதிரும் முன்பனியும் இம்மலையில் இன்று எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிகின்றன என்னும் வினாவிற்கு அதனால் விடை காணலாம். அத்தகைய பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. மந்தாரம் என்று வீட்டில் தங்கிவிடாத கால்களும், கண்டதைக் கண்டவாறே வைக்கும் நேர்மையும் போதுமானவை. தமிழ்த்துறை மாணாக்கர் இதனைத் தமக்கு உரிய பணியாக மேற்கொள்ளுதல் தகும்.